வின்னிபெக்ல ரெண்டு நாள்: "எதிர்பார்க்கவே இல்ல"ன்னு எல்லாரும் சொல்றது நிஜமா?

நீங்க கேட்டது, டொராண்டோல இருந்து கால்கரி போற வழியில செப்டம்பர் கடைசில அம்மாவோட வின்னிபெக்ல ரெண்டு நாள் இறங்கலாமா, இல்ல அந்த ரெண்டு நாளையும் மலைப்பக்கமே செலவழிச்சிடலாமான்னு. ஆனா உங்க உண்மையான கேள்வி கடைசி வரிலதான் இருக்குன்னு எனக்குப் படுது. போயிட்டு வந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி "எதிர்பார்க்கவே இல்லங்க, ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னு சொல்றாங்களே, ஊர் நிஜமாவே நல்லா இருக்கா, இல்ல ஒண்ணுமே எதிர்பார்க்காம போனதால அப்படித் தோணுச்சான்னு கேட்டிருக்கீங்க. முதல்ல அதுக்கு பதில் சொல்றேன், எங்க எங்க போகணும்ங்கறது தானா அதுக்குள்ள வந்துடும்.

நான் சிவில் இன்ஜினியர், அஸ்திவார வேலை, பல வருஷமா இந்த ஊர்லதான் இருக்கேன். அதனால கட்டடம், மண்ணு, தண்ணி பத்தி நான் சொல்றத தைரியமா எடுத்துக்கலாம். வரலாறு நான் படிச்சும் கேட்டும் தெரிஞ்சுக்கிட்டதுதான், அதுல எது உறுதி, எது ஆளாளுக்கு சொல்ற கதைன்னு அங்கங்க பிரிச்சே சொல்றேன்.

எதிர்பார்ப்பு கம்மியா இருக்கிறதால வர்ற சந்தோஷம்னு ஒரு பங்கு இருக்கத்தான் செய்யுது, அத மறுக்கல. கனடாக்குள்ளயே இந்த ஊருக்குப் பேர் குளிரும் கொசுவும்தான். ஜனவரில ராத்திரி மைனஸ் 20க்குக் கீழ போறதெல்லாம் சாதாரணம், 2013 டிசம்பர் 31 அன்னைக்கு இங்க இருந்த குளிரும் செவ்வாய் கிரகத்துல ரோவர் அளந்து அனுப்பின குளிரும் ஒரே அளவுன்னு இங்க இருக்கிற மானிட்டோபா (வின்னிபெக் இருக்கிற மாகாணம்) மியூசியம்காரங்களே சொன்னாங்க, அது உலகம் பூரா நியூஸ் ஆச்சு. அப்படி ஒரு ஊர்ல செப்டம்பர் வெயில்ல ஆத்தோரமா நடந்தா யாருக்கும் மனசு லேசாகும். ஆனா மீதிப் பங்குக்கு அழுத்தமான காரணம் ஒண்ணு இருக்கு. இந்த ஊர் ஒரு முப்பது வருஷம் கண்மூடித்தனமா பணக்கார ஊரா வளர்ந்துச்சு, அப்புறம் சட்டுன்னு வேகம் நின்னுபோச்சு. நின்னதால பழசு இடிபடாம தங்கிடுச்சு. வர்றவங்க பாத்து அசந்து போறது பெரும்பாலும் அதத்தான்.

கணக்க பாருங்க. 1881ல இங்க சுமார் 8,000 பேர். ரயில் வந்துச்சு, மேற்குல விளைஞ்ச கோதுமை எல்லாம் இந்த ஊர் வழியா கிழக்க போச்சு, 1887ல தானிய எக்ஸ்சேஞ்ச், அதாவது தானிய வர்த்தகச் சந்தை ஆரம்பிச்சாங்க, 1911ல 1,36,000 பேர், கனடாவோட மூணாவது பெரிய நகரம். வங்கிகளெல்லாம் போட்டி போட்டுக்கிட்டு மெயின் ஸ்ட்ரீட்ல கட்டினாங்க. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன்ல வேலை செஞ்ச வாரன் அண்ட் வெட்மோர் கம்பெனியையே கூப்பிட்டு இங்க யூனியன் ஸ்டேஷன் கட்ட வெச்சாங்க, அது 1911ல திறந்துச்சு, இன்னைக்கும் டொராண்டோ வான்கூவர் ரயில் அங்கதான் நிக்குது. இதெல்லாம் உறுதி. வளர்ச்சி ஏன் நின்னுச்சுன்னு கேட்டா இங்க எல்லாரும் டக்குன்னு 1914ல பனாமா கால்வாய் திறந்ததுதான்னு சொல்லுவாங்க, கப்பல்லயே மேற்குக் கரைக்கு சரக்கு போக ஆரம்பிச்சதும் வின்னிபெக்குக்கு இருந்த பிடி போச்சுன்னு. அது ஒரு காரணம்னு சொல்லலாம், அது மட்டும்தான்னு சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன். 1913லயே பண நெருக்கடி ஆரம்பிச்சிடுச்சு, அப்புறம் உலகப்போர், 1919ல பொது வேலைநிறுத்தம், அதுக்கு அப்புறம் முப்பதுகளோட பெரும் மந்தம்னு அடிமேல அடி.

அந்த வேலைநிறுத்தத்த சும்மா தாண்டிப் போகாதீங்க. மே 15ல ஆரம்பிச்சு ஆறு வாரம், 30,000 பேருக்கு மேல வேலைய விட்டு வெளிய வந்தாங்க, ஊரே நின்னுச்சு. ஜூன் 21ம் தேதி குதிரைப் போலீஸ் கூட்டத்துமேல பாஞ்சு சுட்டதுல ரெண்டு பேர் செத்தாங்க. அன்னைக்கு ஜனங்க ஒரு டிராம் வண்டிய சாய்ச்சு தீ வெச்சாங்க, அத நினைவுபடுத்தி மெயின் ஸ்ட்ரீட்டும் மார்க்கெட் அவென்யூவும் சேர்ற இடத்துல பாதி மண்ணுக்குள்ள புதைஞ்சு சாஞ்ச மாதிரி ஒரு இரும்பு டிராம் சிலை வெச்சிருக்காங்க. அங்க இருந்தே எக்ஸ்சேஞ்ச் டிஸ்ட்ரிக்ட் நடைய ஆரம்பிக்கலாம். சுமார் இருபது பிளாக், 1880ல இருந்து 1920க்குள்ள கட்டின செங்கல், கல், டெரகோட்டா கட்டடங்க. புதுசு கட்டப் பணம் இல்லாததால இடிக்கல, அவ்வளவுதான் ரகசியம், 1997ல அத தேசிய வரலாற்று இடமாவே அறிவிச்சாங்க. தலைய நிமிர்த்தி பக்கவாட்டு சுவரெல்லாம் பாருங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி செங்கல்மேல நேரா பெயின்ட்ல எழுதின விளம்பரங்க மங்கலா இன்னும் தெரியும், மேல ஒண்ணு எழுதி அது உரிஞ்சு அடியில இருக்கிற இன்னொண்ணு எட்டிப் பாக்கும். பழைய சிகாகோ, நியூயார்க் காட்டணும்னா சினிமாக்காரங்க இங்க வந்து ஷூட்டிங் எடுக்கிறது இதனாலதான். 1904ல கட்டின யூனியன் பேங்க் கோபுரத்துல இன்னைக்கு சமையல் காலேஜ் நடக்குது.

அடுத்து நான் யார் வந்தாலும் கூட்டிட்டு போற இடம் சட்டமன்றக் கட்டடம், உள்ள போக காசு கிடையாது. 1920ல திறந்தது. எல்லாரும் உச்சில இருக்கிற தங்க முலாம் பூசின பையன் சிலைய போட்டோ எடுத்துட்டு போயிடுவாங்க, நீங்க சுவருக்குப் பக்கத்துல போய் நில்லுங்க. இங்கருந்து வடகிழக்க கார்சன்னு ஒரு சின்ன ஊர்ல வெட்டுற டின்டல் ஸ்டோன்னு ஒரு சுண்ணாம்புக்கல் அது. வெளிர் மஞ்சள் கல்லுல பழுப்பு நிறத்துல கொடி கொடியா படர்ந்திருக்கும். ஏறக்குறைய 45 கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க வெதுவெதுப்பான கடல் இருந்தப்ப அடிச்சேத்துல உயிரினங்க குடைஞ்ச வளைங்கதான் அந்தப் பழுப்புக் கோடுன்னு புவியியல்காரங்க சொல்றாங்க. நடுவுல நடுவுல நத்தை, பவளம், நீளமா அறை அறையா பிரிஞ்ச ஒரு கடல் பிராணி எல்லாம் முழுசா கல்லுக்குள்ள கிடக்கும், விரலால தொட்டே பாக்கலாம். அம்மாவுக்கு இது பிடிக்கும், ஒண்ணு கண்ணுல பட்டா அடுத்தத அவங்களே தேட ஆரம்பிச்சிடுவாங்க. ஒட்டாவா பார்லிமென்ட் உள்சுவருக்கும் இந்தக் கல்லுதான் போச்சு. இந்தக் கட்டடத்த பத்தி இன்னொரு கதையும் காதுல விழும், ஃப்ரீமேசன்ங்கற ரகசிய சங்கத்துக்காரங்க ரகசியக் குறியீடெல்லாம் வெச்சுக் கட்டினாங்கன்னு. மேல ஸ்ஃபிங்க்ஸ் சிலை இருக்கிறது உண்மை, ரெண்டு வெண்கல பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) காவல் நிக்கிற பெரிய படிக்கட்டு மூணு அடுக்கு, அடுக்குக்கு 13 படிங்கறதும் உண்மை. அதுல இருந்து முழு மர்மக் கோயிலாக் கட்டினாங்கன்னு முடிவு கட்டுறது ஒரு ஆராய்ச்சியாளரோட விளக்கம், கேக்க சுவாரசியமா இருக்கும், நிரூபணமானதுன்னு எடுத்துக்காதீங்க.

இப்ப என் துறைக்கு வர்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க. ஃப்ளைட் இறங்கும்போது கீழ பாத்தீங்கன்னா கண்ணுக்கெட்டின தூரம் மேடுன்னு ஒண்ணு இருக்காது. பனியுகம் முடிஞ்சப்ப பனி உருகி தேங்கின அகாசிஸ்ங்கற மாபெரும் ஏரியோட அடித்தளம் இது. அந்த ஏரி விட்டுட்டுப் போன களிமண்ணுமேலதான் மொத்த ஊரும் உக்காந்திருக்கு. நம்ம கோவில்பட்டி பக்கத்து கரிசல் போலவே ஈரம் பட்டா உப்பும், காஞ்சா சுருங்கி வெடிக்கும், அதனால இங்க பழைய வீட்டு பேஸ்மென்ட்ல தாங்குற இரும்புத் தூணெல்லாம் திருகு வெச்சதா இருக்கும், தரை அசைய அசைய உயரத்த சரி பண்ணிக்குவாங்க. சிவில் படிச்சவங்க யாராவது உங்க வீட்ல இருந்தா ட்ரான்ஸ்கோனான்னு சொல்லிப் பாருங்க, உடனே தெரியும். கோயம்புத்தூர்ல சாயில் மெக்கானிக்ஸ் கிளாஸ்ல மண்ணோட தாங்குதிறன் பாடத்துக்கு எங்களுக்குக் காட்டின படம் அதுதான். 1913 அக்டோபர் 18, ட்ரான்ஸ்கோனாங்கற இடத்துல பத்து லட்சம் புஷல் (தானியம் அளக்கிற அளவு) கொள்ளளவு உள்ள புது தானியக் கிடங்குல முக்கால்வாசிக்கு மேல கோதுமை நிரப்பின நேரம், ஒரு மணி நேரத்துல ஒரு அடி இறங்குச்சு, அடுத்த நாளுக்குள்ள மொத்த கான்கிரீட் கட்டடமும் உடையாம அப்படியே சுமார் 27 டிகிரி சாஞ்சு நின்னுச்சு. மேல இருக்கிற கெட்டிக் களிமண்ண நம்பி கட்டினாங்க, அதுக்குக் கீழ இருந்த மெத்துக் களி தாங்கல. அதவிடப் பெரிய விஷயம், கீழ பாறை வரைக்கும் தூண் இறக்கி அத திரும்ப நிமிர்த்தினாங்க. இன்னைக்கும் ஊரோட கிழக்குப் பக்கம் நிக்குது. தனியார் இடம், உள்ள விடமாட்டாங்க, ரோட்ல நின்னு பாக்கலாம். சுற்றுலாக்காரங்க யாரும் போறதில்ல, எனக்கு மட்டும் அத தாண்டிப் போறப்பெல்லாம் வண்டிய ஓரம் கட்டணும்னு தோணும்.

தண்ணி விஷயம் இன்னும் பெருசு. ரெட் ரிவர் அமெரிக்காவுல இருந்து வடக்கு நோக்கி ஓடி வருது. வசந்த காலத்துல தெக்க முதல்ல பனி உருகும், வடக்க ஆறு இன்னும் உறைஞ்சே கிடக்கும், வர்ற தண்ணிக்குப் போக வழி இருக்காது, நிலமோ தட்டை, அப்படியே பரவிடும். 1950ல சுமார் ஒரு லட்சம் பேர் ஊரக் காலி பண்ணினாங்க. அதுக்கு அப்புறம் டஃப் ராப்ளின்னு ஒரு பிரீமியர் (மாகாண முதல்வர்) ஊரச் சுத்தி 47 கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளக் கால்வாய் வெட்டியே தீருவேன்னு நின்னார், வீண் செலவுன்னு எதிர்ப்பு, கிண்டலா "டஃப்போட பள்ளம்"னே பேர் வெச்சாங்க. 1962ல ஆரம்பிச்சு 1968ல முடிஞ்சுது, 6.3 கோடி டாலர். 1997ல நூறு வருஷத்துல வராத வெள்ளம் வந்து எல்லைக்கு அந்தப் பக்கம் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரே மூழ்கினப்ப வின்னிபெக் பெரும்பாலும் தப்பிச்சது இந்தப் பள்ளத்தாலதான். நீங்க வர்ற மாசத்துல அது வெறும் புல்லு முளைச்ச அகலமான வாய்க்கால் மாதிரி கிடக்கும், கிழக்க ஹைவேல தாண்டும்போது தெரிஞ்சு பாத்தாத்தான் என்னன்னு புரியும்.

குடிதண்ணிக் கதை இதோட சேத்துச் சொல்ல வேண்டியது, ஏன்னா அது பெருமைப்பட மட்டும் உள்ள கதை இல்ல. சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி ஷோல் லேக்ல இருந்து பம்பே இல்லாம வெறும் சரிவுலயே தண்ணி வர்ற மாதிரி ஒரு கால்வாய்க் குழாய் கட்டி 1919ல தண்ணி கொண்டு வந்துட்டாங்க, இன்ஜினியரிங்கா பாத்தா அபாரம், இன்னைக்கும் ஓடுது. ஆனா அதுக்காக வெட்டின வாய்க்கால் ஷோல் லேக் 40ங்கற பூர்வகுடி மக்களோட இடத்த தீவாக்கிடுச்சு. ஊருக்கு நல்ல தண்ணி கொடுத்த ஏரிக்கரையிலேயே இருந்துக்கிட்டு 1997ல இருந்து 2021 வரைக்கும் அவங்க தண்ணிய காய்ச்சித்தான் குடிக்கணும்னு எச்சரிக்கைலயே இருந்தாங்க, வருஷம் பூரா போக வர ரோடே 2019லதான் வந்துச்சு. வின்னிபெக்ல குழாயத் திறந்து குடிக்கிற ஒவ்வொருத்தரும் இத தெரிஞ்சிருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

அதனாலதான் மனித உரிமை மியூசியம் இந்த ஊர்ல இருக்கிறது பொருத்தம்னு தோணுது. தலைநகர் ஒட்டாவா பகுதிக்கு வெளிய கட்டின முதல் தேசிய மியூசியம், 2014ல திறந்தது, அன்டோயின் ப்ரெடாக் வடிவமைச்சது. கீழ மண் நிறத்துல இருட்டா ஆரம்பிச்சு, உள்ளிருந்து விளக்கு எரியிற அலபாஸ்டர் கல் பதிச்ச சாய்வுப் பாதைல மேல மேல ஏறி 100 மீட்டர் கண்ணாடிக் கோபுரத்துக்கு வெளிச்சத்துல வந்து சேருவீங்க. நடை நிறைய, அம்மாவுக்கு முட்டி வலி இருந்தா லிஃப்ட்லயே ஒவ்வொரு மாடியா போகலாம். அரை நாள் வேணும், மனசுக்கு கனமான விஷயங்க, அன்னைக்கே இன்னொரு மியூசியம் வெச்சுக்காதீங்க. வெளிய வந்ததும் பக்கத்துலயே ஃபோர்க்ஸ், ரெட் ரிவரும் அசினிபாயின் ஆறும் சேர்ற இடம், 6,000 வருஷமா பூர்வகுடி மக்கள் கூடின இடம்னு அகழாய்வுல தெரிஞ்சது. சாப்பாட்டுக் கடை நிறைய இருக்கிற மார்க்கெட்டும் அங்கதான். அங்க இருந்து எஸ்பிளனேட் ரியேல் நடைப்பாலத்த தாண்டினா செயின்ட் போனிஃபேஸ், ஊரோட ஃப்ரெஞ்ச் பக்கம். கதீட்ரல் 1968ல எரிஞ்சு போச்சு, முன் சுவர மட்டும் அப்படியே விட்டுட்டு அதுக்குப் பின்னாடி சின்னதா ஒரு புது சர்ச் கட்டி 1972ல திறந்தாங்க, பெரிய வட்ட ஜன்னல் இருந்த ஓட்டை வழியா வானம் தெரியும். முன்னாடி கல்லறைத் தோட்டத்துல லூயி ரியேல் சமாதி. மேட்டி மக்களோட (பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வம்சம்) தலைவர், மானிட்டோபா மாகாணமா 1870ல உருவானதுக்குக் காரணமானவர், 1885ல தேசத்துரோகின்னு ரெஜைனால தூக்குல போட்டாங்க, இப்ப அவர் பேர்ல மாகாணத்துல அரசு விடுமுறையே இருக்கு.

ரெண்டாவது நாள் காலைல சட்டமன்றம் முடிச்சுட்டு அங்கருந்து பத்து நிமிஷம் நடந்தா ஆர்ட் கேலரி, அதுக்குப் பக்கத்துல 2021ல திறந்த கௌமாயுக், வடதுருவப் பக்கத்து பூர்வகுடி மக்களான இனுயிட்களோட கலைக்குன்னே கட்டினது. உள்ள நுழைஞ்சதுமே மூணு மாடி உயரத்துக்கு வளைஞ்சு போற கண்ணாடி அறைக்குள்ள ஆயிரக்கணக்கான கல் சிற்பம் அடுக்கி வெச்சிருப்பாங்க, வேற மியூசியம்ல இதெல்லாம் குடோன்ல பூட்டிக் கிடக்கும். கைல அடங்குற சீல், தோளத் தூக்கி ஆடுற கரடி, முதுகுல குழந்தைய சுமக்கிற அம்மான்னு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே நின்னுடுவீங்க. எனக்கு இந்த ஊர்ல ஒரே ஒரு கட்டடத்துக்குள்ள போகச் சொன்னா இங்கதான் போவேன்.

குறையையும் சொல்லணும். டவுன்டவுன்ல வீடில்லாதவங்க, போதைல தவிக்கிறவங்க நிறையப் பேரப் பாப்பீங்க, அதுக்குப் பின்னாடி இருக்கிற வரலாறு அந்த மனித உரிமை மியூசியம்லயே இருக்கு. பகல்ல எக்ஸ்சேஞ்ச், ஃபோர்க்ஸ் பக்கம் நடக்கிறதுல பயப்பட ஒண்ணும் இல்ல, இருட்டினப்புறம் அம்மாவோட நடக்காம டாக்ஸி எடுத்துக்கோங்க. மெட்ரோ கிடையாது, பஸ்ஸ நம்பி ரெண்டு நாள்ல சுத்த முடியாது, அதனால ரெண்டாவது நாளுக்கு மட்டுமாவது வாடகைக் கார் எடுங்க. சாப்பாட்டுக்கு கவலையே வேணாம், தோசை வரைக்கும் கிடைக்குது, ஆனா ஒரு வேளையாவது உக்ரைன்காரங்க கொண்டு வந்த பெரோகி சாப்பிடுங்க, உருளைக்கிழங்கும் சீஸும் வெச்ச கொழுக்கட்டைன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. சைவம்னா மேல பேக்கன் போடவேணாம்னு ஆர்டர் பண்ணும்போதே சொல்லிடணும், வறுக்கிற கொழுப்பு என்னன்னும் கேட்டுக்கோங்க.

உங்க தேதிக்கு இன்னொரு அதிர்ஷ்டம் இருக்கு. செப்டம்பர் கடைசில கொசு போயிருக்கும், பகல்ல 15, 18 டிகிரி, ராத்திரி 5 பக்கம், ஒரு ஜாக்கெட் போதும். கனடா வாத்துங்க தெக்க கிளம்புற நேரம் அது. ஊருக்குள்ளயே தென்மேற்கு மூலைல ஃபோர்ட்வைட் அலைவ்னு ஒரு இடம், சிமென்ட் ஃபேக்டரிக்கு களிமண் தோண்டின குழியெல்லாம் ஏரியாகி காடாக்கினது, பைசன் மந்தையும் அங்கயே மேயும். சூரியன் மறையிற நேரத்துக்குப் போய் உக்காந்தா கூட்டம் கூட்டமா வாத்துங்க ராத்தங்க ஏரில வந்து இறங்கும், அந்த சத்தத்துல பக்கத்துல இருக்கிறவங்க பேசினாக்கூட கேக்காது. ரெண்டாவது நாள் சாயங்காலத்த இதுக்குன்னே வெச்சுக்கோங்க.

சுருக்கமா கேட்டீங்கன்னா, ஒரே ஒரு நாள்தான் முடியும்னா இறங்க வேணாம், நேரா கால்கரிக்குப் போங்க, அவசர அவசரமா பாத்தா இந்த ஊர் ஒண்ணும் தராது. ரெண்டு முழு நாள் இருந்தா இறங்குங்க. திங்கக்கிழமைல மியூசியம் பலதும் மூடியிருக்கும், செப்டம்பர் 30 இங்க அரசு விடுமுறை, ரெண்டையும் பாத்து நேரம் சரிபாத்துட்டு டிக்கெட் போடுங்க. நீங்க வர்ற கிழமையும் ஃப்ளைட் நேரமும் கீழ எழுதினா எத முன்ன எத பின்ன வெச்சுக்கலாம்னு சொல்றேன்.